எல்லைக்கோட்டுக்கு வெளியே

2025 ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை. காலைத் திருப்பலிகள் முடிந்து, நண்பகலில் ஒரு வீடு மந்திரிப்பும் முடிந்து, சற்றே கண்ணயரலாம் என்றிருந்த என்னைப் பங்கு இளைஞர்கள் விடவில்லை. வேன் ஒன்றைப் பேசி வைத்திருந்தார்கள். நத்தத்தில் உள்ள என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் அன்றிரவு தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட் போட்டியின் இறுதி ஆட்டம். திண்டுக்கல் டிராகன்ஸ் அணியும் திருப்பூர் தமிழன்ஸ் அணியும் மோதுகின்றன. நம் ஊர் அணி முந்திய ஆண்டின் வெற்றியாளர். ஆட்டமோ நம் மண்ணில். போகாதிருக்க முடியுமா?

நடந்தது அன்பர்கள் அறிந்ததே. திருப்பூர் 220 ரன்கள் குவித்தது. நம்மவர்கள் 102 ரன்களுக்குள் சுருண்டார்கள். 118 ரன் வித்தியாசம். நெடுந்தொலைவு வந்த கூட்டம் ஆட்டம் முடியும் முன்னரே எழுந்து போகத் தொடங்கிவிட்டது. என்னுடன் வந்த இளைஞர்களுள் ஒருவன் அணித்தலைவரைக் குறை கூறினான், மற்றொருவன் பந்துவீச்சை, இன்னொருவன், ஏனென்று தெரியவில்லை, வேன் ஓட்டுநரை.

என் கண்கள் அப்போது ஆடுகளத்தின் நடுவில் இல்லை. எல்லைக்கோட்டுக்கு வெளியே போடப்பட்டிருந்த நாற்காலிகளில் இருந்தன. அணியின் சட்டையை அணிந்து, மூன்று மணி நேரமாக ஒரு பந்தையும் தொடாமல் அமர்ந்திருந்தவர்கள் அங்கே இருந்தார்கள். தண்ணீர்ப் புட்டிகளோடு ஓடியவர்கள், கையுறையை மாற்றிக் கொடுத்தவர்கள், விக்கெட் விழுந்தபோதெல்லாம் தலையில் கை வைத்தவர்கள். தோல்வியில் அவர்களுக்குப் பங்கு உண்டா, இல்லையா? வென்றிருந்தால் கோப்பையோடு எடுக்கும் படத்தில் ஓரத்தில் நின்றிருப்பார்கள். தோற்றால் அந்த ஓரமும் இல்லை.

இந்தக் கண்ணோட்டம் எனக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். குருமடத்தில் மெய்யியல் பயின்ற மூன்று ஆண்டுகளும் நான் கால்பந்து அணியின் இரண்டாம் கோல்காப்பாளன். கால்பந்து ஆடியவர்களுக்கு இந்தப் பதவியின் பொருள் விளங்கும். இரண்டாம் தடுப்பாட்டக்காரனுக்கு என்றாவது வேறு இடத்தில் ஓர் இடைவெளி கிடைக்கும். முன்கள ஆட்டக்காரனைப் பின்னுக்கு இழுத்து ஆடச் செய்யலாம். கோல்கம்பங்களுக்கு இடையே நிற்பவனோ ஒருவன்தான். அவன் காய்ச்சலில் படுத்தாலன்றி எனக்கு வாழ்வில்லை. அவனோ என் நண்பன்; நல்ல உடற்கட்டு; மூன்றாண்டில் ஒருமுறை தும்மினானா என்பதே ஐயம். அவனுக்குக் காய்ச்சல் வர வேண்டும் என்று நான் வேண்டியதில்லை என்று எழுத ஆசைதான். எழுதினால் அது உண்மையாகாது.

இருக்கட்டும். அணி என்பதை நாம் பதினொருவராகவே எண்ணப் பழகிவிட்டோம். அணியைக் கட்டுகிறவர்கள் அப்படி எண்ணுவதில்லை. 2016இல் எட்டு அணிகளோடு இந்த லீக் தொடங்கியபோது ஆட்டக்காரர்களை முறைவைத்துப் பகிர்ந்துகொண்டார்கள். 2023 முதல் ஏலம் வந்தது. முதல் ஏலத்தில் சாய் சுதர்சன் என்ற இளம் மட்டையாளருக்குக் கோவை அணி 21 இலட்சத்து 60 ஆயிரம் ரூபாய் கொடுத்தது செய்தியாயிற்று. ஆனால் ஏலமேசையில் அமர்ந்திருப்பவர்களின் உண்மையான தலைவலி அந்தப் பெரிய தொகை அன்று. கையில் எஞ்சியிருக்கும் சிறிய தொகைக்குப் பன்னிரண்டாவது ஆளாக, பதினைந்தாவது ஆளாக யாரை எடுப்பது என்பதே.

கணக்கைப் பாருங்கள். இருபது ஓவர் ஆட்டத்தில் ஒருவர் நான்கு ஓவருக்கு மேல் பந்து வீசக் கூடாது. ஆகவே பந்து வீச ஐவர் கட்டாயம். ஐவரில் ஒருவர் அன்று அடிபட்டால் தாங்குவதற்கு ஆறாமவர் வேண்டும். அந்த ஆறாமவர் மட்டையும் பிடிப்பவராக இருந்தால் நலம். விக்கெட் கீப்பர் ஒருவர். அவருக்கு விரல் பிசகினால் கையுறை அணிய இன்னொருவர். முதல் ஆறு ஓவர்களில் புதுப்பந்தை வீசுகிறவர் வேறு, இறுதி ஓவர்களில் மட்டையின் அடியில் பந்தைச் செருகுகிறவர் வேறு. எல்லாரும் வலக்கையராக இருந்தால் எதிரணியின் சுழற்பந்தாளருக்குக் கொண்டாட்டம். எனவே இடக்கையர் இருவரேனும் தேவை. இப்படிக் கூட்டிக்கொண்டே போனால் பதினொருவருக்குள் அடங்குமா? திண்டுக்கல் பூட்டைத் திறந்து பார்த்தவர்கள் அறிவர்: சாவி தொடுகின்ற நெம்புகள் ஒவ்வொன்றும் தன் அளவுக்கு உயர வேண்டும். ஒன்று ஒரு நூல் அளவு குறைந்தாலும் பூட்டு திறவாது.

நம் திண்டுக்கல் அணியின் வரலாறே இந்தக் கணக்கின் வரலாறுதான். ஒரு சிறு குறிப்பு: அணியின் பெயர் நம் ஊர், ஆட்டக்காரர்கள் தமிழகமெங்கும் இருந்து வருகிறவர்கள். அதனால் அன்பு குறைந்ததாக மைதானத்தில் நான் காணவில்லை. 2018இல் நம் அணி இறுதியாட்டம் வரை சென்றது. அதன் மிகப் பெரிய பெயரான ரவிச்சந்திரன் அஸ்வின் அப்போது இந்திய அணியோடு இங்கிலாந்தில் இருந்தார். நாராயண் ஜெகதீசன் தலைமையில் ஆடி, மதுரையிடம் ஏழு விக்கெட்டுகளில் தோற்றார்கள். 2019இல் மீண்டும் இறுதி. சேப்பாக்கம் அணியிடம் 12 ரன்களில் தோல்வி. பெரியவர் ஊரில் இல்லாத வீட்டை நடத்துவது போல இருந்தது அந்த ஆண்டுகளின் ஆட்டம். கோப்பை வரவில்லை, ஆயினும் இரண்டு முறை இறுதிக்கு வந்தது வெளியே தெரியாத ஆட்களின் வலிமையால்.

2024இல் நடந்தது இதனினும் சுவையானது. உலகம் அஸ்வினைச் சுழற்பந்தாளராக அறியும். டெஸ்ட் ஆட்டங்களில் 537 விக்கெட் எடுத்தவர். அந்த ஆண்டின் இறுதிக்கட்டத்தில் அவர் மட்டையை எடுத்துக்கொண்டு வரிசையின் மேலே வந்தார். வெளியேற்றுச் சுற்று, தகுதிச் சுற்று, இறுதி என்று தொடர்ந்து மூன்று ஆட்டங்களிலும் ஐம்பதைக் கடந்தார். ஆகஸ்ட் 4 அன்று சேப்பாக்கத்தில் கோவையை ஆறு விக்கெட் வித்தியாசத்தில் வென்று திண்டுக்கல் முதன்முறையாகக் கோப்பையைத் தூக்கியது. இறுதியில் அஸ்வின் எடுத்தவை 52 ரன்கள். ஆளைப் புதிதாகக் கொண்டுவருவது மட்டும் ஆழம் அன்று. இருக்கின்ற ஆளுக்குள் நாம் பயன்படுத்தாத ஆள் ஒருவன் இருக்கிறானா என்று பார்ப்பதும் ஆழமே.

அமெரிக்காவில் மறைப்பணி செய்யும் என் குருமட நண்பர் (ஆம், அந்தத் தும்மாத கோல்காப்பாளர்தாம்) விடுமுறைக்கு வந்தபோது அந்நாட்டுக் கால்பந்தைப் பற்றி விரித்துரைத்தார். காலால் உதைப்பது அதில் குறைவு; பெயர் மட்டும் கால்பந்து. களத்தில் பதினொருவர்தாம். ஆனால் தாக்குகிறபோது ஒரு பதினொருவர், தடுக்கிறபோது முற்றிலும் வேறு பதினொருவர், பந்தை உதைக்க மட்டும் தனியாக ஆட்கள். பெருந்தொழில்முறை லீக்கில் ஓர் அணிக்கு 53 பேர். ஒவ்வோர் இடத்துக்கும் முதலாமவர், இரண்டாமவர், மூன்றாமவர் என்று பெயர் எழுதிப் பயிற்சியாளர் பட்டியல் வைத்திருப்பார். 'டெப்த் சார்ட்' என்பது அதன் பெயர். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வரும் சிறு நகர அணிகளிலும் இதே பட்டியல் உண்டாம். நம் நாட்டிலும் 2012இல் அந்த ஆட்டத்துக்கு ஒரு லீக் நடத்திப் பார்த்தார்கள், சென்னைக்கும் ஓர் அணி இருந்தது, நிலைக்கவில்லை. என்னைக் கவர்ந்தது அந்தப் பட்டியல்தான். தான் மூன்றாமவன் என்று எழுத்தில் கண்ட பிறகும் மறுநாள் பயிற்சிக்கு வருகிறவனுடைய மனத்தை நினைத்துப் பார்த்தேன். நண்பர் சிரித்தார். "உனக்கு இன்னும் அந்தக் கோபம் ஆறவில்லை" என்றார்.

மூன்றாமவனுடைய நாள் வந்த கதை ஒன்றும் நம் அணியைச் சேர்ந்ததே. 2016இல், லீக்கின் முதல் ஆண்டில், திண்டுக்கல் சட்டையை அணிந்து இடக்கையால் வேகமாகப் பந்து வீசினார் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த த. நடராஜன். நெசவுக்கூலி செய்த தந்தை. சாலையோரம் கோழிக்கறிக் கடை வைத்திருந்த தாய். காலடியில் விழும் அவருடைய யார்க்கர் பந்துகள் பேசப்பட்டன. அடுத்த ஆண்டு ஐ.பி.எல். ஏலத்தில் 10 இலட்சத்தில் தொடங்கிய அவருடைய விலை 3 கோடிக்கு ஏறியது. இதுவரை எல்லாரும் சொல்லும் கதை. இதற்குப் பிந்தியதுதான் எனக்கு முக்கியம். 2018இல் அவரை 40 இலட்சத்துக்கு ஐதராபாத் அணி வாங்கியது. அந்த ஆண்டு அவர் ஆடிய ஆட்டங்கள் எத்தனை? ஒன்றும் இல்லை. 2019இல்? ஒன்றும் இல்லை. இரண்டு முழுப் பருவங்கள் வலைப்பயிற்சியில் மற்றவர்களுக்குப் பந்து வீசிவிட்டு, ஆட்ட நேரத்தில் வெளியே அமர்ந்திருந்தார். 2020இல் இடம் கிடைத்தது. 16 ஆட்டங்களில் 16 விக்கெட்டுகள்.

அதே ஆண்டின் இறுதியில் இந்திய அணி ஆஸ்திரேலியா சென்றது. நடராஜன் வலையில் பந்து வீசுவதற்காகச் சேர்க்கப்பட்டவர்; அணியில் இடமில்லை. இருபது ஓவர் அணிக்குத் தேர்வானவர் இன்னொரு தமிழர், வருண் சக்கரவர்த்தி. கட்டடக்கலை பயின்று, அந்த வேலையை விட்டுவிட்டுப் பந்து வீச வந்தவர். 2018இல் நம்மை இறுதியில் வென்ற மதுரை அணியில் இருந்தவர். பிற்காலத்தில் நம் திண்டுக்கல் அணிக்கே வந்தவர். அவருக்குத் தோளில் காயம். அந்த இடம் நடராஜனுக்கு வந்தது. ஒருநாள் ஆட்டத்திலும் இருபது ஓவர் ஆட்டத்திலும் அறிமுகமானார். ஊர் திரும்பாமல், மீண்டும் வலைப்பந்து வீச்சாளராக டெஸ்ட் அணியோடு தங்கினார்.

ஒவ்வொருவராக விழுந்தனர். விராட் கோலி குழந்தை பிறப்புக்காக முன்னமே ஊர் திரும்பியிருந்தார். ஷமிக்குக் கை முறிந்தது. உமேஷ், ஜடேஜா, விஹாரி, பும்ரா என்று பட்டியல் நீண்டது. சிட்னியில் முதுகுவலியோடு நெடுநேரம் நின்று ஆட்டத்தைக் காப்பாற்றிய அஸ்வினால் அடுத்த ஆட்டத்தில் இறங்க முடியவில்லை. 2021 ஜனவரி 15, பிரிஸ்பேன். நடராஜனும் வாஷிங்டன் சுந்தரும் டெஸ்ட் தொப்பி பெற்றார்கள். சுந்தரும் வலைப்பயிற்சிக்காகத் தங்க வைக்கப்பட்டவர்தாம். முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு மூன்று விக்கெட். பின்பு 6 விக்கெட்டுக்கு 186 என்று இந்தியா தத்தளித்தபோது சுந்தரும் ஷர்துல் தாக்கூரும் சேர்ந்து 123 ரன்கள் எடுத்தார்கள். கடைசி நாளில் 328 என்ற இலக்கை மூன்று விக்கெட் மீதமிருக்க இந்தியா எட்டியது. 1988க்குப் பின் ஆஸ்திரேலியா தோற்றறியாத மைதானம் அது. அஸ்வின் அன்று வெளியே அமர்ந்திருந்தார். அவருடைய இடத்தில் ஆடியவர் சுந்தர். நாற்காலியில் இருந்தவர் களத்திலும் களத்தில் இருந்தவர் நாற்காலியிலுமாக அமைந்த ஆட்டம்.

வருணுக்கும் நாள் வந்தது. 2025 சாம்பியன்ஸ் கோப்பைக்கான அணியில் கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்டு, முதல் இரண்டு ஆட்டங்களில் வெளியே இருந்து, மூன்றாவது ஆட்டத்தில் நியூசிலாந்துக்கு எதிராக 42 ரன் கொடுத்து ஐந்து விக்கெட் எடுத்தார்.

இந்தக் கதைகளை இளைஞர் கூட்டங்களில் நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். "காத்திரு, உன் நாள் வரும்" என்று முடித்துக் கைத்தட்டல் பெற்றிருக்கிறேன். இப்போது சொல்வதைக் குறைத்துக்கொண்டேன். நாள் வந்தவர்களின் பெயர்தானே நமக்குத் தெரிகிறது? யூதாசின் இடத்தை நிரப்ப இருவரை நிறுத்தியதையும், சீட்டு மத்தியாவுக்கு விழுந்ததையும் திருத்தூதர் பணி நூலில் அறிவோம். மற்றவர் பர்சபா எனப்பட்ட யோசேப்பு. தொடக்கமுதல் உடனிருந்தவர் என்ற தகுதி அவருக்கும் இருந்தது. அதற்குப் பின் விவிலியத்தில் அவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. குருமடத்தில் விவிலியப் பேராசிரியரிடம் அவர் என்ன ஆனார் என்று கேட்டேன். "தேர்வுக்கு வராத கேள்வி" என்றார்.

என் பங்கில் நிகழ்ந்ததை இனி மறைப்பதற்கில்லை. பல ஆண்டுகளுக்கு முன், நிலக்கோட்டைப் பக்கத்துச் சமவெளியில் ஒரு சிற்றூரில் பங்குத்தந்தையாக இருந்தேன். விடியும் முன்னே மல்லிகை மொட்டுப் பறித்துச் சந்தைக்கு அனுப்பிவிட்டுப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள். அவர்களைக் கொண்டு ஒரு கிரிக்கெட் அணி அமைத்தேன், பதினைந்து பேர். தேர்வாளனும் நானே, மேலாளனும் நானே. அவர்களுள் ஒரு தம்பி இடக்கையால் மெதுவாகப் பந்து வீசுவான். பெரிய திறமை என்று சொல்ல முடியாது, தவறாமல் வருவான். மூன்று பொங்கல் போட்டிகளுக்கு அவன் வந்தான். மூன்றிலும் பையைச் சுமந்தான், தண்ணீர் கொடுத்தான், ரன் கணக்கு எழுதினான். எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

மூன்றாம் ஆண்டு இறுதியாட்டத்துக்கு முந்திய மாலை, எங்கள் முதன்மைப் பந்துவீச்சாளனுக்குக் கணுக்கால் பிசகியது. அந்தத் தம்பி என் முகத்தைப் பார்த்தான். நான் பார்க்காதது போல் இருந்துகொண்டு, இரவோடிரவாக மோட்டார் சைக்கிளில் பக்கத்து ஊருக்குப் போய், வேறோர் அணிக்கு ஆடும் ஒருவனை ஏற்பாடு செய்து வந்தேன். வந்தவன் நான்கு விக்கெட் எடுத்தான். வென்றோம். கோப்பையோடு எடுத்த படத்தில் நான் நடுவில் நிற்கிறேன். அந்தத் தம்பி படத்தில் இல்லை. பையை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்திருப்பான்.

மறுவாரம் முதல் அவன் பயிற்சிக்கு வரவில்லை. கோவிலுக்கு வந்தான், பின்வரிசையில் நின்றான். நான் கேட்டபோது, "பூப்பறிக்க ஆள் இல்லைங்க சாமி" என்றான். அது பொய் என்று எனக்குத் தெரியும்; எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். சில மாதங்களில் திருப்பூருக்கு, பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். அவனுடைய தாயார் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

அவனை ஆட வைத்திருந்தால் தோற்றிருக்கலாம். பக்கத்து ஊர்க்காரனை விட அவன் வலிமை குறைந்தவன் என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் பதினைந்து பேரைச் சேர்த்தது எதற்கு? முதல்வன் விழுந்தால் அடுத்தவன் என்று எல்லாருக்கும் சொல்லித்தானே சேர்த்தேன்? அந்த நாள் வந்தபோது சொன்னவனே சொல்லைக் கைவிட்டேன். பிரிஸ்பேனில் இந்தியத் தேர்வாளர்களுக்கும் பயம் இருந்திருக்கும். அவர்கள் வலையில் நின்றவர்களிடம்தான் போனார்கள்.

நத்தத்தில் அன்றிரவு ஆட்டம் முடிந்து, கூட்டத்தோடு கூட்டமாக வேனைத் தேடிச் சாலைக்கு வந்தோம். திருப்பூரிலிருந்து வந்த இளைஞர்கள் கூவிக்கொண்டு போனார்கள். அவர்களுள் முப்பது வயது கடந்த ஒருவன் தோளில் ஒரு சிறுமியை ஏற்றியிருந்தான். என்னைக் கண்டதும் அவளை இறக்கி விட்டான்.

"சாமி, என்னைத் தெரியுதுங்களா?"

குரலைக் கேட்டே தெரிந்துகொண்டேன். திருப்பூர் அணியின் சட்டையை அணிந்திருந்தான். "ஊருக்கு எதிராகக் கூவினாயா?" என்று கேட்டுவிட்டேன், வேறு எதைக் கேட்பதென்று தெரியாமல். அவன் சிரித்தான். பதினேழு ஆண்டுகள் சோறு போட்ட ஊருங்க என்றான். மகளிடம் எனக்கு ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னான், சொன்னாள்.

இன்னும் ஆடுகிறாயா என்று கேட்டேன். கம்பெனிகளுக்கிடையே ஞாயிறுதோறும் போட்டி நடக்கிறதாம். அவனுடைய கம்பெனி அணிக்கு ஆள் தேர்ந்தெடுப்பவன் அவன்தானாம். "பதினாலு பேருங்க சாமி. நோட்டுப் போட்டு எழுதி வச்சிருக்கேன், யாரு எத்தனை ஆட்டம்னு. எல்லாரும் ஆடிருவாங்க. அதனாலேயே இந்த வருசம் ரெண்டு தடவை தோத்தோம், முதலாளி திட்டுறாரு."

அந்தப் பொங்கலைப் பற்றி நான் பேச வாயெடுத்தேன். எப்படித் தொடங்குவது என்று ஒரு கணம் தயங்கினேன். அதற்குள் பின்னால் நின்ற வேன்கள் ஒலி எழுப்பின. அவன் சிறுமியை மீண்டும் தோளில் ஏற்றிக்கொண்டான்.

"நம்ம கப்பு இன்னும் பங்கு இல்லத்துல இருக்குதுங்களா சாமி?"

இருக்கிறது என்றேன். அலமாரியின் மேல்தட்டில், கண்ணாடிக்குப் பின்னால். நான் மாற்றலாகி வந்தபோது அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

"நல்லா இருந்தா சரிங்க" என்று சொல்லிவிட்டுத் தன் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டான்.